இலவசப் பாடமும் பனியன் தொழிலாளியும்

(திருப்பூரை அடுத்த ஒரு கிராமப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது)



இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயம், காசில்லாமல் கைபேசியிலே கேட்கக்கூடிய சர்வகலாசாலைப் பாடங்களைப் பற்றியதாகும். இதைப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்களானால், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போனவன் என்பதுதான் என் யோக்கியதை. பட்டம் பெற்றவர் பேசினால் அது உபதேசமாக இருக்கும். நான் பேசுவது அனுபவம். ஆனாலும் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டு விடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளுங்கள்.

தோழர்களே! நம்முடைய காதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வேதம் ஓதுவதைச் சூத்திரன் கேட்டுவிட்டால் அவன் காதிலே ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. எத்தனை காதில் ஊற்றினார்கள் என்பதல்ல கேள்வி. "படிப்பு உனக்கில்லை" என்ற எண்ணத்தை எல்லாக் காதிலும் ஊற்றிவிட்டார்களே, அது இன்னும் இறுகிக் கிடக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. வெகு காலத்திற்கு முந்திய கதை என்று சொல்லிவிட முடியாது. 1953-ல் சென்னை ராஜ்யத்திலே, கிராமத்துப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்புப் போதும், மிச்ச நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. கிளம்பிய எதிர்ப்பினால் 1954-ல் அது கைவிடப்பட்டது. பாதி நாள் படிப்பைப் பறிகொடுக்காமல் இருப்பதற்கே அவ்வளவு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது!

இன்றைய நிலை என்ன? 2001-ல் அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று அறிவித்தது. 2003-ல் நம் நாட்டு ஐ.ஐ.டி.க்கள் ஏழும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து, மத்திய சர்க்கார் பணத்தில் என்.பி.டி.இ.எல். என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. 2017-ல் 'ஸ்வயம்' வந்தது. கணிதம், ரசாயனம், பொருளாதாரம், தத்துவம், இயந்திரம் என்று எத்தனையோ பாடங்கள்; நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று வகுத்து நடத்துகிறார்கள். கேட்பதற்குக் காசில்லை, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். சேருவதற்கு ஜாதி தடையில்லை, வயது தடையில்லை, எட்டாவதா பத்தாவதா என்பதும் தடையில்லை. டெல்லி ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நூலையும் பின்னலையும் பற்றியே பாடம் நடத்தி வைத்திருக்கிறார்கள். அதாவது நம் கையிலிருக்கிற வேலையைப் பற்றிய படிப்பு!

இதனால் தொழிலாளிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். என் சங்கதியையே சொல்லுகிறேன். நான் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கம்பெனியிலே, சலவைக்குப் பிறகு பனியனின் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பிவிட்டது என்று பீஸ்கள் திரும்பி வந்தன. "உன் கைக்குற்றம்" என்று சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். நானும் என் கையையே நொந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். பல வருஷம் கழித்துப் பின்னல் துணியைப் பற்றிய ஒரு பாடத்திலே காரணத்தைக் கேட்டேன். ஒற்றை நூலிலே முறுக்கு மிஞ்சி நின்றால், துணி நனைந்ததும் நூல் தன் முறுக்கை விட்டுக்கொள்ளப் பார்க்கிறது, கண்ணிகள் சாய்கின்றன, துணியே திரும்புகிறது. வட்டப் பின்னல் மெஷினில் நூல் ஊட்டும் இடங்கள் அதிகமானாலும் சாய்வு கூடும். இரட்டை நூல் போட்டால் குறையும். தையலில் தவறே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நூலிலேயும் மெஷினிலேயும் இருக்கக்கூடிய குற்றத்தை விசாரிக்காமல் தொழிலாளி கையில் ஏற்றினார்களே, அப்போது எனக்கு இது தெரிந்திருந்தால், "நூலைச் சோதித்துப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன் அல்லவா? அறியாமைக்கும் கூலியிலேதான் பிடித்தம்.

இன்னொன்று பாருங்கள். சாயப்பட்டறையிலே மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறோம். எதற்கு என்று கொட்டுகிறவருக்குத் தெரியுமா? பருத்தி நூல் தண்ணீரில் நனைந்தால் அதன்மேல் எதிர் மின்னேற்றம் உண்டாகிறது. ரியாக்டிவ் சாயத்திலும் அதே எதிர் மின்னேற்றம். ஒரே ஏற்றமுள்ளவை ஒன்றையொன்று தள்ளும். உப்பைப் போட்டால் அந்தத் தள்ளுதல் தணிந்து சாயம் நூலை நெருங்குகிறது. சோடா போட்டதும் பிடித்துக்கொள்ளுகிறது. ஆனால் உப்புத் துணியிலே தங்குவதில்லை, கழிவுநீரோடு போய்விடுகிறது. நொய்யல் கெட்டதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். 2011 ஜனவரியில் ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, "கிரகம் சரியில்லை" என்று பரிகாரம் செய்யப் போனவர்களை நான் கண்ணால் பார்த்தேன். கிரகம் என்ன செய்யும்? உப்பு செய்த வேலை அது! கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் சவ்வினாலே உப்பைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்த பட்டறைகள்தான் திரும்ப ஓடின. பரிகாரம் கோயிலில் இல்லை, ரசாயனத்தில் இருந்தது.

அப்படியானால் எல்லோரும் கேட்கலாமே, தடை என்ன? முதல் தடை பாஷை. பெரும்பாலான பாடங்கள் இங்கிலீஷில்தான் இருக்கின்றன. எல்லாப் பாடங்களுக்கும் தமிழாக்கம் கிடைப்பதில்லை. ஒரு மணி நேரப் பாடத்தை நான் நிறுத்தி நிறுத்தி மூன்று இரவு கேட்பேன். தெரியாத வார்த்தையை நோட்டிலே எழுதிக்கொண்டு காலேஜ் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்பேன். அதில் வெட்கமொன்றும் இல்லை. இரண்டாவது தடை நேரம். காலை எட்டரைக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு எட்டரைக்குத் திரும்புகிறவரைப் பார்த்து, "ஏன் படிக்கவில்லை?" என்று கேட்பது அக்கிரமம். ஓய்வு நேரம் கேட்பதும் படிப்புக் கேட்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது தடையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் மனைவியும் கம்பெனியிலே செக்கிங் வேலை பார்க்கிறவர். இருவரும் ஒரே நேரத்தில்தான் வீடு திரும்புவோம். நான் கட்டிலில் உட்கார்ந்து காதிலே மாட்டிக்கொண்டு பாடம் கேட்பேன். அவர் அரிசி களைவார், சோறாக்குவார், பாத்திரம் துலக்குவார். ஒருநாள், "அந்த உப்புச் சங்கதியை எனக்குஞ் சொல்லுங்க. எங்கண்ணன் சாயப்பட்டறையிலதானுங்களே இருந்தாரு" என்று கேட்டார். "உனக்கெதுக்கு அது? புரியாது" என்று சொல்லிவிட்டேன். மேடையிலே பகுத்தறிவு பேசுகிற வாய்தான் அப்படிச் சொல்லிற்று! சொன்ன பிறகு அன்றிரவு பாடம் என் காதில் ஏறவில்லை. சூத்திரம் எழுதினவன் என் காதுக்குச் சொன்னதை நான் அவர் காதுக்குச் சொல்லிவிட்டேன் அல்லவா? நான் கேட்ட ஒவ்வொரு மணி நேரமும் அவர் அடுப்படியில் கொடுத்த மணி நேரம் என்பது அன்றைக்குத்தான் புத்தியில் பட்டது. இப்போது இராச் சமையல் முறைபோட்டுச் செய்கிறோம். அவர் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. ஒன்று: ஐ.ஐ.டி. பேராசிரியர் சொன்னார் என்பதற்காக நம்பினால், சாமியார் சொன்னதை நம்புவதற்கும் அதற்கும் பேதமில்லை. காரணம் சொல்லுகிறாரா, சோதித்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். அதே கைபேசியிலே ராசிபலன்காரரும் பிரசங்கம் செய்கிறார். அவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு: "எல்லாம் கைபேசியில் இருக்கிறதே, பள்ளிக்கூடம் எதற்கு?" என்று சொல்லி உங்கள் பிள்ளையைக் கம்பெனிக்கு இழுக்க யாராவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது பழைய அரை நாள் திட்டத்தின் புதுச் சட்டை. பள்ளிக்கூடத்தை இழந்த என் போன்றவருக்கு இது கைத்தடி. கால் இருக்கிற பிள்ளைக்குக் கைத்தடியைக் கொடுத்து, காலை வெட்டலாமா?

ஆகவே நான் வேண்டுவது இதுதான். இந்தப் படிப்பகத்தில் ஒரு காலத்தில் ஒருவர் பத்திரிகை வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். அதுபோல ஞாயிறுதோறும் ஒரு பாடத்தைப் போடுவோம், இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லட்டும், சந்தேகம் கேட்போம். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காரட்டும். அன்றைய டீயை ஆண்கள் போடட்டும். அடுத்த ஞாயிறு முதல் பாடம் சாயமும் உப்பும். டீ போடும் முதல் முறை என்னுடையது.