நடுவதும் எடுப்பதும்



அகராதியைப் பற்றிப் பேசத் திருவல்லிக்கேணி பொருத்தமான இடம். இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய சென்னைப் பல்கலைக்கழகம்தான் 1924 முதல் 1936 வரை தமிழ் லெக்சிகனை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. சாண்ட்லர் தொடங்கிய பணி வையாபுரிப் பிள்ளை கையில் நிறைவேறியது. அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவான ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960-களில் வெளிவந்ததும் அங்கிருந்துதான். அந்தப் பெரியவர்களின் உழைப்பை வணங்கிவிட்டு, அவர்கள் நமக்கு விட்டுவைத்த வேலையில் ஒரு துண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். 'எரெக்ட்' என்ற ஒரே ஆங்கில வினை.

இருமொழி அகராதியில் இதற்கு என்ன கிடைக்கும்? நிமிர்ந்த, செங்குத்தான, நிறுவு, எழுப்பு, நாட்டு, கட்டு. எல்லாம் சரியான சொற்கள். ஆனால் நடுவில் இருப்பது வெறும் காற்புள்ளி. எதை எங்கே போடுவது என்று அந்தக் காற்புள்ளி சொல்லாது. அதனால்தான் மொழிபெயர்ப்புகளில் பந்தலை 'நிறுவுகிறார்கள்'. கல்யாண வீட்டில் பந்தல் போடுவார்கள், முகூர்த்தக்காலை நடுவார்கள். சாரம் கட்டுவார்கள், கூடாரம் அடிப்பார்கள், கொடியை ஏற்றுவார்கள். சிலையை வைப்பார்கள், செய்தித்தாளில்தான் அது நிறுவப்படும்.

இந்த வேறுபாடு அலங்காரத்துக்கு வந்ததல்ல. நடுவதற்குக் குழி வேண்டும். நட்டதன் ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கும். கட்டுவதற்குக் கயிறு வேண்டும். சவுக்குக் கம்புச் சாரத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். சுவரை எடுப்பதென்றால் தரையிலிருந்து வரிசை வரிசையாக மேலே கொண்டுபோவது. மேலே ஒரு மாடி எடுத்திருக்கிறார் என்று இந்தத் தெருக்களில் சாதாரணமாகச் சொல்வோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் தான் 'எடுப்பிச்ச' கற்றளி என்று சொல்வதும் இந்த வினையைத்தான். கொத்தனார் எடுக்கிறார், அரசன் எடுப்பிக்கிறான். காசு கொடுத்தவன் யார், கல் சுமந்தவன் யார் என்பதை ஒரு விகுதி பிரித்துவிடுகிறது. பொதுமக்களிடம் பணம் திரட்டி, லண்டனில் சிற்பி ஃபிரான்சிஸ் சாண்ட்ரி வார்த்து, 1839-இல் தீவுத்திடலருகே நிறுத்திய ஆளுநர் மன்றோவின் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பணம் கொடுத்தவர்களும் அதை 'எரெக்ட்' செய்தவர்கள், பீடத்தில் ஏற்றி நிறுத்திய கூலியாட்களும் 'எரெக்ட்' செய்தவர்கள். நாமும் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகமில்லை. இன்றைய திறப்புவிழாக் கல்வெட்டுகளில் எடுத்தவரும் இல்லை, எடுப்பித்தவரும் இல்லை. திறந்துவைத்தவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

எடு என்ற வினையில் ஒரு பள்ளமும் உண்டு. நம் கடற்கரைக் கண்ணகி 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்டவள். 2001 டிசம்பரில் சிலையை எடுத்தார்கள். 2006 ஜூனில் மறுபடி வைத்தார்கள். கோயிலை எடுத்தால் அது எழும், சிலையை எடுத்தால் அது போய்விடும். வேற்றுமொழிக்காரர் ஒருவர் அகராதியை மட்டும் நம்பி இதை எப்படிப் புரிந்துகொள்வார்? அந்தக் கண்ணகிக்கே செங்குட்டுவன் கல் நட்ட கதை சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் இருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது எனத் தொல்காப்பியம் ஆறு துறை சொல்கிறது. நடுதல் அதில் ஒன்றுதான்.

'எரெக்ட்' என்பதன் மற்றப் பொருள்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் பாடத்தில் அது நேரான பிம்பம்; தலைகீழ்ப் பிம்பத்துக்கு எதிர். மருத்துவத்தில் விறைப்பு, அகராதிக்கு வெட்கம் ஆகாது. சட்டத்தில் கவனம் வேண்டும்: 1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம், பாதிக்குமேல் இடிந்துபோன கட்டடத்தைத் திரும்ப எழுப்புவதையும் இந்த வினையின் வரையறைக்குள் அடக்குகிறது. தொழிற்சாலைகளிலோ, வேறிடத்தில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து தூக்கி நிறுத்திப் பூட்டும் வேலைக்கு 'எரெக்ஷன்' என்றுதான் பெயர். கொதிகலன் எரெக்ஷனுக்குப் போகிறேன் என்பவரிடம் நிர்மாணம் என்று திருத்தினால் அவர் வேறு வேலை என்று நினைத்துக்கொள்வார். அந்தச் சொல் அப்படியே அகராதியில் ஏறட்டும் என்பது என் கட்சி. தனித்தமிழ் அன்பர்கள் மாலையில் என்னை மறுக்கலாம்.

கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வினையைத் தனியே எழுதாதீர்கள்; அது எந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறதோ அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பிற்பகல் அமர்வுக்குக் கொத்தனார்களும் சாரம் கட்டுபவர்களும் வருகிறார்கள். அவர்கள் 'செவுரு' என்று சொன்னால் குறிப்பெடுப்பவர்கள் அதைச் சுவராக்கிவிட வேண்டாம். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, கல்வெட்டுச் சொற்கள் பற்றிய முதல் கட்டுரைக்கு அழைக்கிறேன்.