கடல் கைவிட்ட பாறையில் ஓர் அருவி



ஐஸ்லாந்துத் தீவின் தெற்குப் பக்கம் ஸ்கோகா என்றொரு ஆறு. காவிரியைப் பார்த்த கண்ணுக்கு இதை ஆறு என்று சொல்லவே வாய் வராது, அத்தனை சிறியது. இரண்டு பனிமலைகளுக்கு நடுவே, சுமார் 1,000 மீட்டர் உயரக் கணவாய்ப் பகுதியில் பிறக்கிறது. கடலோ கூப்பிடு தூரத்தில். அதனால் இது ஓடி வருவதைவிட விழுந்து வருவதுதான் அதிகம். வழிநெடுக அருவிகள்.

கடைசி அருவிதான் பெரியது. பெயர் ஸ்கோகாஃபோஸ். 60 மீட்டர் உயரம், 25 மீட்டர் அகலம். வெயில் அடித்தால் சாரலில் வானவில் நிச்சயம்.

எனக்கு அருவியைவிட அது விழும் பாறைச் சுவர்தான் ஆச்சரியம். ஒரு காலத்தில் அதுதான் கடற்கரை! அலைகள் மோதி மோதிச் செதுக்கிய செங்குத்துப் பாறை. பனியுகம் முடிந்து, மேலே இருந்த பனியின் பாரம் குறைந்ததும் நிலம் மெல்ல உயர்ந்தது. பனிக்கடியில் எரிமலை வெடிக்கும்போதெல்லாம் பெருவெள்ளம் வந்து கரிய மணலைக் கொட்டியது. கடல் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஃபுல்மார் என்னும் கடற்பறவைகள் மட்டும் இன்றும் இந்தப் பாறை இடுக்கில்தான் கூடு கட்டுகின்றன. இரைக்குக் கடலுக்குப் பறக்க வேண்டும், குஞ்சுக்கு இங்கே திரும்ப வேண்டும்.

எரிமலையும் ஓயவில்லை. 2010 மார்ச்சில் ஆறு பிறக்கும் கணவாயிலேயே நெருப்புக் குழம்பு பீறிட்டது. அடுத்த மாதம் பக்கத்துப் பனிமலை வெடித்துச் சாம்பலைக் கக்க, ஐரோப்பாவில் விமானங்கள் நாள்கணக்கில் தரையிலேயே நின்றன.