தோலில் தெரியும் ஈரல் நோய்



கறுப்பும் வெள்ளையும் கலந்த பசு. வெயிலில் மேய்ந்து வந்தபின் வெள்ளைத் தோல் மட்டும் சிவந்து வீங்கி வெடிக்கிறது. காம்பு புண்ணாகி, கறக்கப் போனால் உதைக்கிறது. கறுப்புத் தோலில் ஒன்றுமில்லை. சொறி என்று வேப்பெண்ணெய் தடவுகிறோம். சொறிக்கு நிறம் பார்க்கத் தெரியுமா? கோளாறு ஈரலில் இருக்கலாம்.

புல்லின் பச்சையம் வயிற்றில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருளை, நல்ல ஈரல் பித்தத்தோடு கழித்துவிடும். ஈரல் கெட்டால் அது இரத்தத்தில் தங்கித் தோலுக்கு வரும். வெயில் பட்டதும் சுடும். கறுப்பு நிறம் வெயிலைத் தடுப்பதால் அந்தத் தோல் தப்புகிறது. ஆகவே முழுக் கறுப்பு மாட்டில் தோலை நம்பாதீர்கள். கீழ் இமையை இழுத்து வெண்விழியைப் பாருங்கள், ஈறைப் பாருங்கள். மஞ்சளாக இருந்து, மாடு அசைபோடாமல், சாணமும் இறுகியிருந்தால் ஐயமே வேண்டாம், உடனே மருத்துவரை அழையுங்கள். (குதிரைக்கு இக்கணக்கு ஒத்துவராது; இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே அதன் கண் மஞ்சளித்துவிடும்.)

தோட்டத்து ஓரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியே பெரும்பாலும் காரணம். மலாய்க்காரர் அதை ‘பூங்ஙா தாஹி ஆயாம்’ என்பர். செம்மறியாட்டுக்குச் சிக்னல் புல்லும் இதே கேட்டைச் செய்யும்.

முதலில் மாட்டை நிழலில் கட்டுங்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. மேய்ச்சலை நிறுத்தினாலும், வயிற்றில் கிடக்கும் இலை விஷத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துச் சோதிப்பார். விஷத்தை உறிஞ்சும் மருந்துக் கரியைக் கரைத்து ஊட்டுவார். அடுப்புக்கரி அதற்கு ஆகாது.