பால்பல் விழும் அகவையில் பட்டமுடியா?

(பெற்றோர் அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



ஆறு அகவைக் குழந்தையின் அழகு யாது என்று கேட்டால், பெற்றவர் அதன் பொக்கைவாய்ச் சிரிப்பைக் காட்டுவர். முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் முளையாத இடைவெளியில் நாக்கு நுழைந்து, சொல்லெல்லாம் காற்றாய் வெளிவரும் அச்சிரிப்புக்கு ஈடு ஏது? ஆனால், அமெரிக்க ஒன்றிய நாட்டில் நடைபெறும் சிறுமியர் அழகுப் போட்டிகள் பலவற்றில் அச்சிரிப்பு ஒரு குறையாகக் கொள்ளப்படுகின்றது. அதனை மறைத்தற்கென்றே அச்செடுத்துச் செய்த பொய்ப்பல் வரிசை ஒன்று உண்டு. போட்டியன்று அதனைக் குழந்தையின் வாயில் பொருத்தி மேடையேற்றுகின்றனர். பல்லெல்லாம் உதிர்ந்த முதியவர்க்குச் செய்யவேண்டியதைப் பல் முளைக்கவிருக்கும் குழந்தைக்குச் செய்கின்றனர்!

பல் விழுதல் நோயன்று, ஊனமன்று, அஃது அகவையின் அடையாளம். அதனைக் குறையென்று கருதும் போட்டி, குழந்தையின் அகவையையே குறையென்று கருதுகின்றது. குழந்தை குழந்தையாக இருத்தலே அங்கு மதிப்பெண்ணைக் குறைக்கின்றது. இன்று எண்ணிப் பார்க்க வேண்டியது இவ்வொன்றே: எந்த அகவையில் குழந்தையிடம் எதனை எதிர்பார்ப்பது முறை? எதனை எதிர்பார்ப்பது கொடுமை?

இப்போட்டி நேற்று முளைத்த காளான் அன்று. 1854-ஆம் ஆண்டிலேயே ஓகையோ மாநிலத்துச் சிபிரிங்பீல்டு நகரில் கைக்குழந்தைகளைக் காட்சிக்கு வைத்துப் பரிசளித்தனர். அடுத்த ஆண்டே காட்சி வணிகர் பார்னம் நியூயார்க்கில் அதனைப் பணம் ஈட்டும் தொழிலாக்கினார். 1911-இல் ஐயோவா மாநிலக் கண்காட்சியில், கால்நடைகளுக்கு மதிப்பெண் இடுவதுபோன்றே குழந்தைகளையும் அளந்து, நிறுத்து, அட்டையில் குறித்துப் பரிசு வழங்கினர். உடல்நலம் பேணலே நோக்கம் என்றனர். ஆயினும், சில ஆண்டுகளுக்குள் அம்முயற்சி, மாந்தரை உயர்பிறப்பு தாழ்பிறப்பு என்று தரம்பிரித்த கொடிய கொள்கையொன்றோடு கைகோத்துக்கொண்டது. 1921-இல் அத்திலாந்திக்கு நகரில் வளர்ந்த பெண்டிர்க்கான 'அமெரிக்க அழகி'ப் போட்டி தோன்றிற்று. அம்மேடையின் அளவுகோலே பின்னாளில் சிறுமியர் மேடைக்கும் இறங்கி வந்தது. 2009-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்று, பொய்ப்பல்லும் பொய்முடியும் பூசுநிறமும் பூண்ட குழந்தைகளை வீடுகளின் கூடத்திற்கே கொண்டுவந்து நிறுத்திற்று.

இனி, அகவை அகவையாகப் பார்ப்போம்.

ஓர் அகவை நிரம்பாத குழந்தைகளுக்கும் அங்குத் தனிப்பிரிவு உண்டு. கைக்குழந்தைக்கு மேடை தெரியாது, நடுவர் தெரியாது, வென்றதும் தெரியாது, தோற்றதும் தெரியாது. தாயின் முகமும் பாலின் சுவையுமே அதன் உலகம். ஆகவே, அப்போட்டி குழந்தையின் போட்டியன்று, பெற்றோரின் போட்டி. குழந்தை அதில் வெறுங் கருவி.

இரண்டு மூன்று அகவைக் குழந்தைக்கு ஓரிடத்தில் நிற்றலே அரிது. சொன்னதைச் சொன்னபடி செய்தல் அதனினும் அரிது. மேடையில் அது திரும்ப வேண்டிய இடத்தையும் கையசைக்க வேண்டிய நேரத்தையும் நடுவர்க்குப் பின்னால் நின்று தாயே ஆடிக்காட்டுவதை அத்தொடரைக் கண்டோர் அறிவர். மூன்று முதல் ஐந்து அகவை வரையுள்ள குழந்தைக்கு, பகலுறக்கத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு 10 முதல் 13 மணிநேர உறக்கம் வேண்டும் என்று 2016-இல் அமெரிக்க உறக்க மருத்துவர் கழகம் வரையறுத்தது. விடியலில் எழுப்பி, முடி சுருட்டி, முகம் பூசி, மாலை வரை காத்திருக்க வைக்கும் நாளில் அவ்வுறக்கம் எங்கே? அழும் குழந்தையை 'அடம் பிடிக்கின்றது' என்று கடிந்துகொள்கின்றனர். அஃது அடமன்று, உறக்கம்.

நான்கு, ஐந்து அகவையில் குழந்தை தாயின் சேலையைச் சுற்றிக்கொள்ளும். தந்தையின் செருப்பில் கால்நுழைத்து நடக்கும். கண்ணாடி முன் நின்று பொட்டிட்டுக்கொள்ளும். 'குழந்தைக்கே ஒப்பனையில் விருப்பம் இருக்கின்றதே!' என்று வாதிடுவோர் இதனையே காட்டுவர். விருப்பம் இருப்பது மெய்தான். ஆனால், விளையாட்டுக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மறந்தனர். விளையாட்டைத் தொடங்குவதும் குழந்தை, முடிப்பதும் குழந்தை. சேலை சலித்தால் உருவி எறிந்துவிட்டு மண்ணளையப் போய்விடும். போட்டியை முடிக்கும் உரிமை குழந்தைக்கு இல்லை. நுழைவுக் கட்டணமும் உடைச்செலவும் பயணச்செலவும் அதன் சிறுதோளில் ஏறி நிற்கின்றன.

ஏழெட்டு அகவையிலோ வேறொன்று நேர்கின்றது. தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு, 'யான் இன்ன தரத்தவள்' என்று மதிப்பிடும் பழக்கம் அவ்வகவையை ஒட்டியே வேரூன்றுகின்றது என்பது உளவியலார் கண்ட முடிபு. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் மேலும் படிக்கலாம். ஓட்டத்தில் பிந்தினால் மேலும் பழகலாம். முகத்திற்கு மதிப்பெண் குறைந்தால் குழந்தை என் செய்யும்? முயன்று திருத்தமுடியாத ஒன்றிற்குத் தோல்வி வழங்குவது கல்வியும் அன்று, பயிற்சியும் அன்று.

இதனால் விளையும் கேட்டை ஆய்ந்தோரும் உளர். அமெரிக்க உளவியற் கழகம் அமைத்த குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கை, சிறுமியரைப் பாலியற் பார்வைக்குரிய பொருளாக்குவதை உணவுக் கோளாறு, தன்மதிப்புக் குறைவு, உளச்சோர்வு ஆகிய மூன்றோடும் தொடர்புபடுத்திற்று. அச்சான்றுகளுட் பெரும்பகுதி வளர்ந்த இளம்பெண்களிடமிருந்து திரட்டப்பெற்றவை. 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இளமையில் அழகுப் போட்டிகளில் பங்கேற்ற 11 பெண்டிரையும் பங்கேற்காத 11 பெண்டிரையும் ஒப்பிட்டது. பங்கேற்றோர்க்குத் தம் உடல்மீது மனநிறைவின்மையும் பிறர்மீது நம்பிக்கையின்மையும் மிகுதி. உளச்சோர்விலும் தன்மதிப்பிலும் பெரிய வேறுபாடில்லை. ஆய்வு சிறிது, அதனை மலையாக்கிக் காட்டுதல் அறிவுடைமை ஆகாது. ஆயினும், பெற்றோர்க்கு ஐயம் எழுப்ப அதுவே போதும். குழந்தையின் உள்ளம் உடைந்தபின் கணக்கெடுத்தல் காவலாகுமா?

மறுதரப்பார் கூற்றையும் கேட்டல் முறை. 'போட்டியால் அவைக்கூச்சம் அகலும், தன்னம்பிக்கை வளரும், பரிசுத்தொகை படிப்புக்கு உதவும்' என்பர். அவைக்கூச்சம் அகலப் பாட்டும் பேச்சும் நாடகமும் இல்லையா? பொய்ப்பல் பொருத்தினால்தான் நாக்குக்குத் துணிவு வருமா? தன் முகம் உள்ளபடி மேடையேறத் தகாது என்று முதலிற் கற்பித்துவிட்டு, அதன்பின் தன்னம்பிக்கை வளர்ப்பதாகக் கூறுவது, வேரை வெட்டிவிட்டு நீர் ஊற்றுவதாகும்.

சட்டத்தால் இதற்கு எல்லை வகுத்த நாடு பிரான்சு. பாரிசில் வெளிவரும் பெயர்பெற்ற உடையணி இதழொன்று, 2010-ஆம் ஆண்டின் இறுதியில், சிறுமியை வளர்ந்த பெண்ணைப்போல் ஒப்பனைசெய்து படங்கள் வெளியிட்டது. நாடு கொதித்தது. முன்னாள் அமைச்சர் சாந்தால் சுவன்னோ ஆய்ந்து 2012-இல் அறிக்கை அளித்தார். 2013-இல் பிரெஞ்சு மேலவை, 16 அகவைக்குட்பட்டோர் அழகுப் போட்டிகளைத் தடைசெய்யும் திருத்தத்தை 197 வாக்குகளுக்கு எதிர் 146 என்ற கணக்கில் ஏற்றது. ஈராண்டுச் சிறையும் 30,000 யூரோ தண்டமும் அதில் கூறப்பட்டன. பின்னர் அது தளர்த்தப்பட்டது. 2014-இல் நிறைவேறிய சட்டம் 13 அகவைக்குட்பட்டோர்க்குத் தடை விதித்து, அதற்கு மேல் 16 அகவை வரை அரசின் முன்னிசைவு வேண்டும் என்றது. எண்ணில் வாதம் இருக்கலாம். ஆனால், அகவையே அளவுகோல் என்னும் கொள்கையை அந்நாடு ஏற்றுக்கொண்டது. அதுவே போற்றத்தக்கது.

இவ்வளவுகோல் தமிழர்க்குப் புதிதா? பிள்ளைத்தமிழை எண்ணிப் பாருங்கள்! பத்துப் பருவமும் எவ்வாறு அமைந்தன? பாட்டியல் நூலார் கணக்கின்படி ஐந்தாம் திங்களிற் செங்கீரை. ஒன்பதாம் திங்களிற் சப்பாணி. பதின்மூன்றாம் திங்களில் வருகை. தலைநிமிர்த்தி ஆடும் பருவத்தில் ஆடச் சொன்னான் தமிழ்ப்புலவன். கைகொட்டும் பருவத்தில் கொட்டச் சொன்னான். நடக்கும் பருவத்தில் வா என்றழைத்தான். ஐந்தாம் திங்களில் நடக்கச் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று பழிக்கவுமில்லை. குழந்தையால் இயல்வது எதுவோ அதுவே அழகு எனக் கொண்டான். சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் ஊசலும் அப்பருவங்களுள் அடங்கும். அனைத்தும் விளையாட்டு! நடுவரும் இல்லை, தோற்ற குழந்தையும் இல்லை.

அத்தகைய தமிழ் வழங்கும் மண்ணில் இன்று நடப்பது என்ன? பெயரில் அழகுப் போட்டி இல்லாமலிருக்கலாம். ஐந்து அகவைச் சிறுமிக்கு உதட்டுச்சாயம் பூசி, வளர்ந்தோர் காதற்பாட்டுக்கு இடுப்பசைக்கக் கற்பித்து, பள்ளி ஆண்டுவிழாவிலும் தொலைக்காட்சிப் போட்டியிலும் ஆடவிட்டுக் கைதட்டுவது வேறென்ன? வளர்ந்தோர்க்குரிய ஆட்ட அசைவுகளைக் குழந்தைகளுக்குத் தரவேண்டா என்று 2019-இல் இந்திய ஒன்றிய அரசே தொலைக்காட்சி நிலையங்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017-இல் வகுக்கப்பெற்ற விதிகள், காட்சிக் கலைகளில் ஈடுபடும் குழந்தையை நாளொன்றுக்கு 5 மணிநேரத்திற்கு மேலோ, ஓய்வின்றி 3 மணிநேரத்திற்கு மேலோ, அதன் விருப்பத்திற்கு மாறாகவோ ஈடுபடுத்தலாகாது என்கின்றன. விதி தாளில் உறங்கும். வீட்டில் விழித்திருக்க வேண்டியவர் பெற்றோர்.

ஆகவே, தாய்மார்களே! உங்கள் குழந்தையை எந்த மேடைக்கு அனுப்பினும் நான்கு வினாக்களை முதலில் உங்களையே கேளுங்கள். இதனைக் குழந்தை தானே விரும்பிற்றா? 'போதும்' என்று குழந்தை சொன்னால் அப்போதே நிறுத்துவீர்களா? அதன் உறக்கமும் உணவும் விளையாட்டும் குறையாதிருக்குமா? அங்கு மதிப்பிடப்படுவது அதன் முயற்சியா, முகமா? நான்கிற்கும் நேர்மையான விடை கிடைத்தால் அனுப்புங்கள். ஒன்றுக்கேனும் நா தயங்கினால், வீட்டு முற்றமே அக்குழந்தைக்குப் போதிய மேடை என்று தெளியுங்கள்.

பால்பல் விழும், புதுப்பல் முளைக்கும். எவரும் விரைவுபடுத்த வேண்டுவதில்லை. இடையில் இருக்கும் அச்சிறு வெற்றிடம் குழந்தைக்கு உரிய உடைமை. அதனைப் பொய்யால் நிரப்பும் உரிமை பெற்றவர்க்கும் இல்லை, நடுவர்க்கும் இல்லை, வணிகர்க்கும் இல்லை!