எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முன் அறிவிக்கையைப் படிங்க

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கும் கூட வந்திருக்கும் பெற்றோருக்கும் இன்று ஒரே விஷயம்தான் சொல்லப் போகிறேன்.

துறைமுகத்தில் கடலோரக் காவல்படைக் கப்பல் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்க. சீருடை ஆசை இருக்கு; உடம்புதான் கொஞ்சம் கனம். வயது வரம்பு வேற நெருக்குது. "ஆபரேஷன் பண்ணி எடையைக் குறைச்சிட்டு அக்னிவீருக்கு அப்ளை பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். அவசரப்படாதீங்க.

அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' அறுவையில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். என்.டி.ஏ. தேர்வுக்கு யு.பி.எஸ்.சி. வெளியிடும் அறிவிக்கையின் பின்பகுதியில் விமானப்படைக்கான மருத்துவத் தகுதிகள் இருக்கும். பித்தப்பை, குடல்வால் போன்றவை தவிர வேறு எந்த உறுப்பையாவது அறுவையில் பாதியோ முழுசாகவோ எடுத்திருந்தால் நிராகரிப்பு என்கிறது அது. இரைப்பையும் உறுப்புதானே! அமெரிக்க ராணுவத்திலும் எந்த வகை எடை குறைப்பு அறுவை செய்திருந்தாலும் தகுதிக்குறைவுதான்.

காரணம் இருக்கு. அறுவைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். பி12, இரும்புச்சத்து மாத்திரைகள் காலம் முழுக்க வேண்டியிருக்கும். நடுக்கடலிலும் பனிமலையிலும் அதெல்லாம் நேரத்துக்கு நடக்குமா? கூடுதல் எடையைக் குறைத்துக்கொண்டு மறுபடி வரலாம். வெட்டிய இரைப்பை திரும்ப வராது.

அதனால் போனை எடுங்க. நீங்க சேர விரும்பும் படையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இந்த வருஷ அறிவிக்கையை இறக்குங்க. ஒவ்வொரு படைக்கும், ஒவ்வொரு பதவிக்கும் விதி தனி. 'பேரியாட்ரிக்' என்ற ஒரு சொல்லைத் தேடிவிட்டு, ஒன்றும் போடலையே என்று நிம்மதியாகிவிடாதீங்க. வயிறு, இரைப்பை, அறுவை என எல்லாவற்றையும் தேடணும். சந்தேகம் இருந்தால் ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் நமக்குப் பக்கம்தான். நேரில் போய்க் கேளுங்க. புரோக்கரிடம் கேட்காதீங்க.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் மறைக்க வேண்டாம். லேப்ராஸ்கோப்பி தழும்பு சின்னதுதான், ஆனால் மருத்துவக் குழுவின் கண்ணுக்குத் தெரியும். பொய் சொல்லிச் சேர்ந்தால், பிறகு தெரியவரும்போது வேலையே போகலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு என்று உடம்பே ஆபத்தில் இருந்து, டாக்டரும் அறுவை அவசியம் என்றால், ராணுவத்துக்காக அதைத் தள்ளிப் போடாதீங்க. பெற்றோரும் பிள்ளையைக் குறை சொல்லாதீங்க. உயிருக்குப் பிறகுதான் சீருடை.

மற்றவர்களுக்கு வழி நடையும் ஓட்டமும்தான். தரைப்படை, கடலோரக் காவல்படை இரண்டிலும் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. எப்படியும் ஓடித்தான் ஆகணும். விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் மட்டும் ஓடாதீங்க, கன்டெய்னர் லாரி வரும் சாலை அது. மைதானத்துக்குப் போங்க. உணவு, மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் அருகில் இருக்கு.

தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டும் முன், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த அறிவிக்கையை டாக்டரிடம் காட்டி, "எந்த உறுப்பில் எவ்வளவு எடுப்பீங்க?" என்று கேளுங்க. பதிலை எழுதி வாங்கிக்கோங்க.