கிருபையின் முதன்மையும் வாழ்வின் மாற்றமும்
(மாநாட்டுத் தலைமை உரை)



இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் பணியை எனக்களித்த செயற்குழுவினருக்கு என் நன்றி உரித்தாகுக. கிறிஸ்துவினால் மட்டுமே இரட்சிப்பு என்னும் விசுவாசத்தையும், அவ்விசுவாசத்தினின்று பிறக்கவேண்டிய வாழ்வின் மாற்றத்தையும் பிரிக்காமல் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. ஏனெனில் முன்னதைப் போதிப்போர் பின்னதை மறப்பதும், பின்னதை வற்புறுத்துவோர் முன்னதைத் தளர்த்துவதும் திருச்சபையின் சரித்திரத்தில் மீண்டும் மீண்டும் நேர்ந்திருக்கின்றன.

கிறிஸ்துவையன்றி இரட்சிப்பில்லை என்று நாம் அறிக்கையிடும்போது, பல சமயங்கள் தழைத்து வாழும் இந்நாட்டில் அது அகந்தையின் குரலாகவே பலர் செவிகளில் விழுகிறது. அவர்களுடைய வருத்தத்தை நாம் அலட்சியம் செய்தலாகாது. ஆயினும் எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தார் முன்னிலையில் இவ்விசுவாசத்தை எடுத்துரைத்த பேதுரு யாவர் என்பதை நினைத்துப் பாருங்கள். கல்விச் சிறப்போ அதிகாரமோ இல்லாத மீனவர் அவர். சிறிது காலத்துக்கு முன்புதான் தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்து மனங்கசந்து அழுதவர். தம் மேன்மையென்று எடுத்துக்காட்ட அவரிடம் யாதொன்றுமில்லை. ஆகவே இவ்வறிக்கை பிறரைத் தாழ்த்துவதற்கு முன் அறிக்கையிடுகிறவனையே தாழ்த்துகிறது. அவனுடைய குலம், கல்வி, தருமம், பக்தி ஆகிய எதுவும் தேவசந்நிதியில் அவனை நிறுத்தவல்லதன்று என்று அவன் வாயினாலேயே சொல்லவைக்கிறது. எபேசு சபைக்கு எழுதிய பவுல் அடிகளும், மீட்பு நம் கிரியைகளால் வந்ததன்று என்று உறுதிப்படுத்திய அதே மூச்சில், நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்றும் கூறி முடிக்கிறார். மார்ட்டின் லூதர் 1520ஆம் ஆண்டில் கிறிஸ்தவனுடைய சுயாதீனத்தைக் குறித்து எழுதிய சிறு நூலும் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை.

இக்கோட்பாடு ஒரு மனிதனுடைய வாழ்க்கையில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆராய்வதற்கு ஜான் நியூட்டனுடைய சரித்திரத்தைக் காட்டிலும் தக்கதொன்றை நான் அறியேன். 1725இல் லண்டனில் பிறந்து, இளமையிலேயே கடலோடியாகி, தெய்வ நிந்தனையில் தம் தோழரையும் விஞ்சிநின்ற அவர், 1748 மார்ச்சு மாதத்தில் வட அட்லாண்டிக் கடலில் பெரும்புயலிற் சிக்கி, கப்பல் உடைந்து நீர் புகுந்தகாலை தேவனை நோக்கிக் கூப்பிட்டார் என்பதும், அந்நாளைத் தம் ஆயுள் முழுதும் நன்றியோடு அனுசரித்தார் என்பதும் நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி கேட்கப்படுபவை. அதற்குப் பின் நடந்ததோ அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1750 முதல் 1754 வரையில் அவர் அடிமை வாணிபக் கப்பல்களின் தலைவராக மூன்று பிரயாணங்கள் செய்தார். ஓய்வுநாளில் மாலுமிகளைக் கூட்டிப் பிரார்த்தனை நடத்தினார். தம் அறையில் வேதத்தை ஆழ்ந்து கற்றார். அதே கப்பலின் அடித்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளும், அடைபட்டுக் கிடந்தனர். அத்தொழிலை அவர் விட்டதும் மனச்சாட்சியின் உறுத்தலினால் அன்று. திடீரென்று வந்த நோயினாலேயே விட்டார்.

1764இல் குருப்பட்டம் பெற்று ஒல்னி என்னும் சிற்றூரிலும், 1780 முதல் லண்டனிலும் ஊழியம் செய்து, நாடெங்கும் மதிக்கப்பட்ட போதகராக விளங்கிய அவர், அடிமை வாணிபத்தைப் பற்றிய தம் சிறுநூலை 1788இல்தான் வெளியிட்டார். புயலுக்கும் அந்நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் சென்றிருந்தன. அதில் அவர் தாம் கண்டவற்றை மட்டுமன்றித் தாம் செய்தவற்றையும் சொல்லி, தம் அறிக்கை காலந்தாழ்ந்து வருகிறது என்பதையும் ஒப்புக்கொண்டார். பின்னர்ப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் பகர்ந்தார். வில்பர்ஃபோர்ஸ் என்னும் இளைஞருக்கு, அரசியலைத் துறவாமல் அதிலேயே நின்று தேவபணி செய்யுமாறு முன்னமே ஆலோசனை கூறியிருந்தவரும் அவரே. அவ்வாணிபத்தைத் தடைசெய்த சட்டம் நிறைவேறிய 1807ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார்.

அந்த நாற்பது ஆண்டுகளைக் காட்டி, அவர் பெற்ற கிருபை பொய் என்பாரும் உளர். கிருபைக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்பதற்கு அவற்றையே அரணாகக் கொள்வாரும் உளர். இரண்டும் பிழையென்பது என் துணிபு. புயலுக்குப் பின்னரும் நெடுங்காலம் தாம் முழு விசுவாசியாயிருந்ததாகக் கருதவியலாது என்று நியூட்டனே எழுதியிருக்கிறார். நான் இங்கு வற்புறுத்த விரும்புவது ஒன்று. தன் புண்ணியத்தை நம்பி நிற்பவனுக்குத் தன் பாவத்தை ஊரறிய ஒப்புக்கொள்வது இயலாத காரியம். ஒப்புக்கொண்ட மறுகணமே அவன் நிற்கும் தளம் சரிந்துவிடும். தன் மீட்பு முழுவதும் பிறரொருவரால் வந்தது என்று அறிந்தவனுக்கோ இழப்பதற்கு நற்பெயரைத் தவிர வேறொன்றுமில்லை. அறுபது வயதைக் கடந்த அப்போதகர் தலைநகரத்தில் தமக்கிருந்த கௌரவத்தைப் பொருட்படுத்தாது வாய் திறந்தமைக்கு இவ்விசுவாசமே காரணம். கிறிஸ்து மட்டுமே என்னும் கொள்கை நல்வாழ்வைத் தளர்த்தும் என்று அஞ்சுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

நியூட்டனுடைய முதுமையில் அவரிடம் ஆன்ம ஆலோசனை கேட்டுச் சென்ற இளைஞருள் டேனியல் வில்சன் என்பவரும் ஒருவர். அவரே பிற்காலத்தில் கல்கத்தாவின் பேராயராக வந்து, தென்னிந்தியச் சபைகளில் கிறிஸ்தவர்கள் சாதிக்கொரு பக்கமாக அமர்வதையும், திருவிருந்திலும் வேறுபாடு காட்டுவதையும் அறிந்து, அவ்வழக்கங்களை உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடவேண்டும் என்று 1833இல் நிருபம் அனுப்பினார். தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினர். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைக்குத் தந்தையெனத் தக்க வேதநாயக சாஸ்திரியாரே, சாதி வழக்கத்தைச் சபையில் நீக்க முயன்ற மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். அவருடைய பக்தியை ஐயுறுவதற்கு நான் துணியேன். அவர் பாடல்களால் வளர்ந்த சபைகளின் மகன் நான். ஆனால் கப்பலறையில் வேதம் கற்ற நியூட்டனுக்கு நேர்ந்த அதே குருட்டுத்தன்மை இங்கும் நேர்ந்தது என்பதைச் சொல்லாது விடுவது ஆராய்ச்சிக்கும் அழகன்று, விசுவாசத்திற்கும் அழகன்று.

அது முடிந்துபோன சரித்திரமும் அன்று. ஒரே ஞானஸ்நானத்தைப் பெற்று, ஒரே கிறிஸ்துவை அறிக்கையிட்ட மக்கள் இன்றும் நம் ஊர்கள் சிலவற்றில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படுகிறார்கள். நீதிமானாக்கப்படுதலைக் குறித்தும் பரிசுத்தமாக்கப்படுதலைக் குறித்தும் கற்றோர் பலர் இங்கே கட்டுரை படிக்கவிருக்கின்றனர். அக்கோட்பாடுகளை வாழ்க்கையோடு பிணைக்கும் வேதப்பகுதி ஒன்றை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். சகேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித்தர முன்வந்த பின்னரே, அவ்வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென ஆண்டவர் அறிவித்தார் என்று லூக்கா எழுதுகிறார். ஆதலின் கட்டுரையாளர் ஒவ்வொருவரும் தாம் ஆராயும் கோட்பாடு தம் சொந்தச் சபையின் இருக்கைகளிலும், திருமணச் சம்பந்தங்களிலும், கல்லறைத் தோட்டத்திலும் எதனைத் திருப்பித்தரக் கேட்கிறது என்பதையும் கூறவேண்டுமென்றும், இறுதிநாள் அமர்வு அக்கேள்விக்கே ஒதுக்கப்படவேண்டுமென்றும் தலைமைப் பீடத்திலிருந்து வேண்டிக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.