ஊசி உடைந்தால் யாரிடம் சொல்வீர்கள்?

பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, இந்த வெயிலில் கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் பட்டதாரிகளே!

உங்களில் பலருக்கு வேலை உத்தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று கல்லூரி முதல்வர் சொன்னார். மகிழ்ச்சி. சம்பளம் எவ்வளவு, எந்த ஊர், எத்தனை மாதம் ப்ரொபேஷன் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அச்சாகாத ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். நாளைக்கு உங்களுக்கு ஒரு சிக்கல் வந்தால் அந்த நிறுவனம் உங்களைக் கைவிடாமல் இருக்குமா? இருக்கும் என்று நம்புகிறவரும், அந்த நம்பிக்கை இல்லாதவரும் ஒரே வேலையை ஒரே மாதிரிச் செய்வதில்லை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி திருப்பூரில், ஏற்றுமதி பனியன் கம்பெனிகளின் பணியாளர் துறையில் கழிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குழந்தைகள் உடை தைக்கும் கம்பெனியில் தையல் மெஷின் ஊசி உடைவது சாதாரணம். உடைந்ததும் செய்ய வேண்டியவை மட்டும் சாதாரணமல்ல. டெய்லர் உடனே மெஷினை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசர் காந்தத்தோடு வந்து மேசை, தரை, மடியில் கிடக்கும் துணி என எல்லாவற்றையும் தடவித் துண்டுகளைத் தேடுவார். கிடைத்தவற்றை முழு ஊசியின் வடிவம் வரும்படி சேர்த்து, செலோடேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டுவார்கள். நேரம், மெஷின் எண், கையெழுத்து. பழைய ஊசி முழுதாகச் சேர்ந்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டில் தனியே போய்விடும்; ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் ஒவ்வொரு பீஸாக விட்டெடுத்த பிறகே திரும்பி வரும். எங்கோ ஒரு நாட்டில் ஆறு மாதக் குழந்தை போடப்போகிற சட்டை அது. இவ்வளவு கெடுபிடிக்கும் அதுதான் காரணம்.

ஒரு கம்பெனியில் பையரின் ஆடிட்டுக்கு முன்னால் இந்தப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த இரண்டு லைன்கள். ஒரே சம்பளம், ஒரே கேன்டீன், ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்கள், ஒரே ஸ்டைல் சட்டை. ஒரு லைனின் பதிவேடு ஊசித் துண்டுகளால் உப்பிப்போயிருந்தது. மற்றதில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். புரொடக்‌ஷன் மேலாளருக்கு இரண்டாவது லைன்தான் செல்லப்பிள்ளை. எனக்கு ஏதோ இடித்தது. ஊசியும் ஒன்று, துணியும் ஒன்று என்றால் உடைவது மட்டும் எப்படி மாறும்?

மறுநாள் லைனில் போய் நின்றேன். முதல் லைனில் ஒரு அம்மா கையைத் தூக்கி, "உடைஞ்சிருச்சுங்க" என்றார். சூப்பர்வைசர் பையன் ஓடிவந்து, "கையில குத்தலையேங்க்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் குனிந்து தேடினான். இரண்டாவது லைனில் அதே நேர்ந்தபோது கேட்ட வசனம்: "உனக்கு மட்டும் எப்படிம்மா தினம் உடையுது? டார்கெட்டை யாரு குடுப்பா?" அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து மெஷின்காரி தன் டப்பாவிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டினாள். வெளியே கடையில் வாங்கி ஒளித்துவைத்தது. அந்த லைனில் பாதிப் பேரிடம் அப்படி ஒரு டப்பா இருந்தது பிறகு தெரிந்தது. பதிவேடு சுத்தமாக இருந்த மர்மம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்த தரவோ தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, சொல்லப் பயப்படாததால். திருப்பூரின் ஊசிப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

நிறுவனத்தின் ஆதரவைத் தொழிலாளி எப்படி உணர்கிறார் என்று ஆராயும் துறையில் அடிப்படையான பெயர் ராபர்ட் ஐசன்பர்கர். 1986இல் தம் சகாக்களோடு அவர் வெளியிட்ட கட்டுரை சொல்வது எளிமையானது. நிறுவனம் தன் உழைப்பை மதிக்கிறதா, தன் நலனில் அதற்கு அக்கறை உண்டா என்பது பற்றி ஒவ்வொரு தொழிலாளியும் மனத்துக்குள் ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவுதான் அவர் தருகிற உழைப்பைத் தீர்மானிக்கிறது. பெற்றால் திருப்பித் தர வேண்டும் என்ற உணர்வு மனிதரிடம் இயல்பாகவே உண்டு. மொய் எழுதி வளர்ந்த நமக்கு அதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பின்னர் 2002இல் எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த உணர்வை வளர்ப்பதில் நியாயமான நடைமுறை முதலிடத்திலும், மேலாளரின் ஆதரவு அடுத்தும், சம்பளமும் பணிச்சூழலும் அவற்றுக்குப் பின்னும் நின்றன. சம்பளம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லும் முதலாளிகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தங்கள் வீட்டுக் கணக்கில் அந்தத் தத்துவத்தை அவர்கள் கடைப்பிடிப்பதில்லை.

ஐசன்பர்கர் குழுவின் 1997ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. வேறு வழியில்லாமல் தரும் வசதியையும், தானாக முன்வந்து தரும் வசதியையும் தொழிலாளி பிரித்துப் பார்க்கிறார் என்று அது காட்டியது. நிறுவனம் தன் விருப்பத்தில் செய்தது என்று தோன்றும்போது, அக்கறை என்ற உணர்வோடு அதற்குள்ள தொடர்பு பல மடங்கு வலுவாகிறது. சம்பளச் சீட்டில் பி.எஃப். தொகையைப் பார்த்துவிட்டு யாரும் முதலாளிக்கு நன்றி சொல்வதில்லை; 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஜம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலை 1920இலேயே தொழிலாளர் வைப்புநிதியைத் தொடங்கியது. எட்டு மணி நேர வேலையை 1912இலேயே கொண்டுவந்தது. எந்தச் சட்டமும் அப்போது இவற்றைக் கேட்கவில்லை. அதற்காக அந்த ஆலையைச் சொர்க்கமாக்கவும் வேண்டாம். அதே ஆலையில் 1920, 1922, 1928 ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் நடந்தன. எட்டு மணி நேர வேலையும் வைப்புநிதியும் கொடுத்துவிட்டதால் கூலி கேட்கிற வாய் மூடிவிடாது, மூடவும் கூடாது.

கண்ணெதிரே உள்ள ஒன்றையும் பார்த்துவிடலாம். துணிக்கடையில் சேலை எடுக்கப் போகிறீர்கள். உங்களுக்கு நாற்காலி உண்டு, கூல்டிரிங்க்ஸும் வரும். விரித்துக் காட்டும் பெண் காலையிலிருந்து நிற்கிறார். வாடிக்கையாளரே இல்லாத மதிய நேரத்திலும் நிற்கிறார். கால் நரம்பு சுருண்டுகொண்ட பெண்கள் எத்தனை பேர் என்று சென்னை ரங்கநாதன் தெருவில் கேட்டால் தெரியும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோதுதான் நம்மில் பலர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம். கோழிக்கோட்டில் பெண்கூட்டு என்ற அமைப்பின் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது.

நல்ல சட்டம். ஸ்டூல்களும் வந்தன. இப்போது ஏதாவதொரு பெரிய கடைக்குப் போய்ப் பாருங்கள். சில கடைகளில் பெண்கள் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்; நீங்கள் வந்ததும் சிரித்த முகத்தோடு எழுவார்கள். வேறு சில கடைகளில் ஸ்டூல் இருக்கும், உட்கார ஆள் இருக்காது. ஃப்ளோர் சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தால் காரணம் விளங்கும். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பார்வை போதும். சட்டம் ஸ்டூலை வாங்கிப் போட வைக்கும். அதில் உட்காரலாமா கூடாதா என்பதைக் கடைசியில் முடிவு செய்கிறவர் அந்தச் சூப்பர்வைசர். அவர் அனுமதித்தால் கடையே அனுமதித்தது போல. அவர் முறைத்தால் கடையே முறைத்தது போல. நிறுவனத்தை ஒரு தொழிலாளி நேரில் பார்ப்பது தனக்கு மேலே இருக்கும் அந்த ஒருவரின் முகத்தில்தான். குழுவுக்குக் குழு ஈடுபாடு மாறுபடுவதில் 70 விழுக்காடு மேலாளரால் வருவது என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் சொல்லிவருகிறது. அந்த எண்ணை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். திசை சரி.

ஆதரவு என்ற பெயரில் வேறொன்றும் நடக்கும், அதையும் தெரிந்து வையுங்கள். நம் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். கிராமத்துப் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்து, மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். 'உங்க பொண்ணை எங்க பொண்ணு மாதிரிப் பார்த்துக்கறோம்' என்று பெற்றோரிடம் பேசினார்கள். பாதுகாப்பு என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போன பெண்களுக்கு அந்த மொத்தப் பணம் கைக்கு வராமலே போனது. இன்று குளிரூட்டிய அலுவலகங்களில் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று யாராவது பேசும்போது எனக்கு அந்த விடுதிக் கதவுதான் நினைவுக்கு வரும். குடும்பம் என்று சொல்கிறவர் லீவ் கேட்கும்போதும் குடும்பமாக இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

ஈடுபாடு என்பதையும் பலர் தப்பாகவே அளக்கிறார்கள். இரவு பத்து மணிக்கும் விளக்கு எரிந்தால் ஈடுபாடு என்கிறார்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் என்பது ஊரே பேசும் வார்த்தை. அதைப் பார்க்கிற எல்லோரும் வேலைமேல் காதல் கொண்டவர்கள் என்று நினைத்தால் வீட்டு வாடகை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். வில்லியம் கான் என்ற ஆய்வாளர் 1990இல் எழுதிய கட்டுரை, ஒருவர் தன்னை முழுதாக வேலைக்குத் தர மூன்று நிலைமைகள் வேண்டும் என்றது: செய்வதில் ஒரு பொருள் தெரிய வேண்டும், உள்ளதைச் சொன்னால் அடி விழாது என்ற தைரியம் வேண்டும், உடம்பிலும் மனத்திலும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். மூன்றாவதை முதலாளிகள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். ஆளையே பிழிந்தெடுத்த பிறகு ஈடுபாடு எங்கிருந்து வரும்?

இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எல்லோரும் ராஜினாமா செய்துவிடுவதில்லை. பெரும்பாலோர் இருப்பார்கள். வருகைப் பதிவு சரியாக இருக்கும். சொன்னதைச் செய்வார்கள், சொல்லாததைச் செய்ய மாட்டார்கள். சட்டையின் காலரில் கோணல் தெரிந்தாலும் 'செக்கிங்ல பார்த்துக்குவாங்க' என்று தள்ளிவிடுவார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத நஷ்டம் அது. ஷிப்மென்ட் திரும்பி வரும் நாளில்தான் முதலாளிக்கு உறைக்கும். அப்போதும் துணி சரியில்லை என்பார்.

உங்களுக்கு நடைமுறையில் உதவுகிற மாதிரி இரண்டு விஷயங்கள்.

நேர்முகத் தேர்வில் கடைசியாக, 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?' என்பார்கள். 'ஒன்றுமில்லை சார்' என்று எழுந்து வந்துவிடாதீர்கள். நான் வேலை செய்யப்போகும் குழுவில் கடைசியாக நீண்ட விடுப்பு எடுத்தவர் யார், திரும்பி வந்தபோது அவருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. 27ஆவது வாரம் அந்தப் பெண்ணின் நாற்காலி எங்கே இருக்கிறது என்பதை எந்தச் சட்டத்தைப் புரட்டியும் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டால் தெரியும். பதில் சொல்லும் முன் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். வேறு வழியில்லாமல் அந்த வேலைக்கே போக நேரலாம், குடும்ப நிலைமை அப்படி இருக்கும். போங்கள். ஆனால் தெரிந்து போங்கள். உங்களுக்காக ஒரு அடி எடுத்து வைக்காத இடத்துக்கு ஆயுளையே கடன்பட்டதாக நினைத்து உருக வேண்டாம். வாங்கும் சம்பளத்துக்கு நேர்மையாக உழையுங்கள், வேறு இடம் தேடுங்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் அவசரமானது. மூன்று நான்கு வருடத்தில் உங்களில் பாதிப் பேர் டீம் லீடராகவோ சூப்பர்வைசராகவோ ஆகிவிடுவீர்கள். உங்கள் கீழே ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த, தமிழ் தெரியாத பத்தொன்பது வயதுப் பையன் இருப்பான். அவனுக்குக் கம்பெனி என்றால் எம்.டி.யும் இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் கொள்கை விளக்கமும் இல்லை, நீங்கள்தான். பாதுகாப்பு விதிகளை அவன் மொழியில் ஒருவரைக் கொண்டு சொல்ல வைத்தீர்களா, ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்த இரவில் டிக்கெட்டுக்கு முன்பணம் வாங்கித் தந்தீர்களா, தப்பு நடந்தபோது மேலிடத்தில் அவன் பெயரைச் சொன்னீர்களா, உங்கள் பெயரைச் சொன்னீர்களா என்றெல்லாம் அவன் கணக்கு வைத்திருப்பான். உங்களுக்கு மேலே இருப்பவர் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பது இதற்குச் சாக்காக முடியாது. நான் சொன்ன அந்த முதல் லைன் பையனுக்கு மேலேயும் அதே புரொடக்‌ஷன் மேலாளர்தான் இருந்தார். அதே டார்கெட்தான். மேலே வாங்கிய திட்டைக் கீழே இறக்காமல் தன்னோடு நிறுத்திக்கொண்டான், அவ்வளவே. அவன் பட்டதாரியும் அல்ல. பத்தாம் வகுப்பு வரை படித்து, டெய்லருக்கு உதவும் கைமடியாக வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவன்.

சாப்பாட்டு வாசம் வந்துவிட்டது, இனிமேல் பேசினால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்களைப் படிக்க வைக்க ஒன்றரை ஷிஃப்ட் பார்த்த அப்பா அம்மாக்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். பட்டத்தை வாங்கியதும் போட்டோகிராபரிடம் ஓடாமல் முதலில் அவர்களிடம் போங்கள்.